ஃபுல்லரும் வெண்ணாகனும்

1976-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு மானுடவியல் ஆய்வாளர் மதுரைக்கு வந்து இறங்கினார். பெயர் சி.ஜே.ஃபுல்லர். மீனாட்சியம்மன் கோயிலில் பூசை உரிமை உள்ள பட்டர்களைப் பற்றி ஆராய்வதுதான் வந்த வேலை. விக்கிரபாண்டிய பட்டர், குலசேகர பட்டர் என்று அங்கே இரண்டு வழியினர் உண்டு. அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குத்தான் கருவறைப் பூசை. ஃபுல்லர் அவர்களோடு பழகி, கேட்டு, குறித்து, 1984-ல் ஒரு புத்தகமும் 2003-ல் இன்னொரு புத்தகமும் எழுதினார். மதுரைக் கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்க விரும்புகிற யாரும் இந்த இரண்டையும் தாண்டிப் போக முடியாது.

பரம்பரைத் தொழிலைப் பற்றி இவ்வளவு எழுதியவரின் பெயரிலேயே ஒரு பரம்பரைத் தொழில் இருக்கிறது. அது மதுரைக்கு ரொம்ப நெருங்கிய தொழிலும்கூட. ஃபுல்லர் என்றால் துணி வெளுத்து இறுக்குகிறவர்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி அப்படியே உடுத்தத் தோதாக இருக்காது. ஆட்டு ரோமத்தின் பிசுக்கு போயிருக்காது. இழைகளும் தொளதொளவென்று இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் கலந்த தண்ணீரில் மணிக்கணக்காக மிதிக்க வேண்டும். சிறுநீரில் இருக்கும் அமோனியா பிசுக்கை எடுக்கும். களிமண் அதை உறிஞ்சும். மிதிபட மிதிபட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கி, தடித்து, குளிர் தாங்குகிற கம்பளி ஆகும். அப்புறம் அலசி, சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் காயப்போட வேண்டும். இதையே பிழைப்பாகக் கொண்டவர்களைத் தெற்கு, கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர் என்றார்கள். வடக்கே போனால் வாக்கர், தென்மேற்கில் டக்கர். ஆக, கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் ஒரு வாக்கரையும் ஒரு டக்கரையும் பார்த்தால் இருவருடைய முப்பாட்டன்களும் ஒரே வேலையை வேறு வேறு ஊரில் செய்தவர்கள் என்று நினைக்க இடமுண்டு. அந்தக் களிமண்ணுக்கும் ஃபுல்லர் மண் என்றே ஆங்கிலத்தில் பெயர் நிலைத்துவிட்டது. மதுரையில் எந்த நாட்டு மருந்துக்கடையிலும் முல்தானி மட்டி என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்களே, அதே வகை மண்தான். முகத்தில் எண்ணெய் இறங்கப் பூசுகிறோம். அன்று கம்பளியில் எண்ணெய் இறங்கப் போட்டார்கள்.

மிதிக்கும் வேலையை 12-ஆம் நூற்றாண்டிலேயே நீர்ச்சக்கர ஆலைகள் செய்யத் தொடங்கிவிட்டன. 1185-ல் எழுதப்பட்ட டெம்ப்ளர் துறவிகளின் சொத்துப் பதிவேட்டில் யார்க்ஷயர் ஆலை ஒன்று வருகிறது. மரச் சம்மட்டி வந்து மனிதனின் காலை அந்தத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டது. பெயர் மட்டும் எண்ணூறு ஆண்டுகளாகக் குடும்பங்களில் இருக்கிறது.

தொழில் போன பிறகும் பெயர் எப்படித் தங்கியது? இங்கிலாந்தில் இதற்குப் பதில் கொஞ்சம் தெளிவாகவே கிடைக்கிறது. 1066-ல் நார்மன்காரர்கள் வந்து நாட்டைப் பிடித்த பிறகு, பழைய ஆங்கிலப் பெயர்கள் வழக்கொழிந்து ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே எங்கும் புழங்கின. ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் எந்த ஜானிடம் வரி வாங்குவது? கொல்லன் ஜான், தையற்கார ஜான், ஆற்றோர ஜான், ராபர்ட் மகன் ஜான் என்று கணக்கர்கள் எழுதினார்கள். முதலில் அது அந்த ஆளுக்கு மட்டுமான அடையாளம். மகன் வேறு வேலைக்குப் போனால் அவனுக்கு வேறு அடையாளம். நிலம் மகனுக்குப் போகும்போது, வரி ஏடு தலைமுறை தாண்டி நீளும்போது, அப்பனுக்கு எழுதியதையே மகனுக்கும் எழுதுவது எளிதாக இருந்தது. 1377, 1379, 1381 என்று மூன்று முறை அரசு தலைவரி போட்டது. ஆளாளுக்குப் பெயர் எழுதிய அந்த ஏடுகளைத்தான் இன்றும் குடும்ப வரலாறு தேடுகிற ஆங்கிலேயர்கள் புரட்டுகிறார்கள். மூன்றாவது வரி பொறுக்காமல் வெடித்த குடியானவர் கிளர்ச்சியின் தலைவன் பெயர் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்கிறவர்.

அந்தக் காலத்திலேயே பெயரும் பிழைப்பும் பிரிந்துபோனதற்கு சாஸர் நல்ல சாட்சி. ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்கிற ஜெஃப்ரி சாஸரின் குடும்பப் பெயருக்குக் காலணி, காலுறை தைப்பவர் என்று பொருள். அப்பா ஜான் சாஸர் லண்டனில் ஒயின் வியாபாரி. மகனோ 1374-ல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கைப் பார்க்கும் அதிகாரி ஆனார். செருப்பு, ஒயின், சுங்கம்: மூன்று தொழில், ஒரே பெயர். நானூறு ஆண்டு கழித்து, 1778-ல், ஸ்காட்லாந்துச் சுங்க ஆணையர்களில் ஒருவராகச் சேர்ந்த ஆடம் ஸ்மித்தின் பெயரில் கொல்லன் இருக்கிறான். அவர் அப்பாவும் சுங்கத்தில்தான் இருந்தார். ஸ்மித் என்ற பெயர் எவ்வளவு பெருகியது என்றால், அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மித்துகள். அந்த நாட்டில் எண்ணிக்கையில் முதல் குடும்பப் பெயர் அதுதான். ஜெர்மனியில் ஷ்மிட், ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், அரபு நாடுகளில் ஹத்தாத், இத்தாலியில் ஃபெராரி என்று எல்லா இடத்திலும் கொல்லன் இருக்கிறான்.

மதுரையிலும் இருந்தான். ஃபுல்லரின் பெயருக்கு ஆயிரம் ஆண்டு முன்பே இருந்தான்.

அழகர்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கம் பாறைச் சரிவில் ஒரு இயற்கைக் குகை உண்டு. பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். சமண முனிவர்கள் தங்குவதற்காகக் கல்லில் படுக்கை வெட்டியிருக்கிறார்கள். யார் வெட்டிக் கொடுத்தது என்று தமிழ்-பிராமி எழுத்தில் குறித்தும் வைத்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமை. தலையை அண்ணாந்து குகையின் நெற்றியைப் பார்த்தால்தான் எழுத்து தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது வெட்டின் ஓரத்தில் நிழல் விழுந்து இன்னும் துலங்கும். அரசர் பெயர் ஒன்றும் அங்கே இல்லை. உப்பு வணிகன் ஒருவன், கொழு வணிகன் ஒருவன், பாணிதம் என்கிற வெல்லப்பாகு விற்றவன் ஒருவன், அறுவை வணிகன் ஒருவன், மதுரைப் பொன்கொல்லன் ஒருவன். கொழு என்றால் ஏர் முனையில் மாட்டும் இரும்பு. அறுவை என்றால் துணி. ஒரு கடைத்தெருவே காசு போட்டுப் படுக்கை வெட்டிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அந்தப் பொன்கொல்லன் பெயர் ஆதன் ஆதன். அதாவது ஆதன் மகன் ஆதன். ஆதன் என்ற பெயர் அன்று பாண்டிய நாட்டில் அவ்வளவு சாதாரணம். கீழடியில் கிடைத்த பானை ஓட்டில்கூட ஆதன் இருக்கிறான். அப்பனும் ஆதன், மகனும் ஆதன், அடுத்த வீட்டிலும் ஆதன் என்றால் தானம் கொடுத்த ஆதன் யார் என்று கல்லில் சொல்லத் தொழில்தான் கைகொடுத்தது. பத்து ஜான்களுக்கு நடுவே ஆங்கிலக் கணக்கன் பட்ட பாட்டை மதுரைக் கல்தச்சன் முன்கூட்டியே பட்டிருக்கிறான். இருவரும் கண்டுபிடித்த வழியும் ஒன்றுதான்.

சங்கப் புலவர் பட்டியலை எடுத்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரே ஊரிலிருந்து இத்தனை தொழிலாளரும் வணிகரும் கவிஞராக எழுந்து நின்ற பட்டியல் வேறு எந்த மொழியில் இருக்கிறதோ! மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணிக்காரர். மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார், மதுரை ஓலைக்கடையத்தார் நல்வெள்ளையார், மதுரை வேளாசான், மதுரைக் கொல்லன் புல்லன், மதுரைப் பெருங்கொல்லன். அகநானூற்றில் மதுரைப் பொன்செய்கொல்லன் வெண்ணாகனார் என்றும், நற்றிணையில் மதுரைக் கொல்லன் வெண்ணாகனார் என்றும் ஒருவர் வருகிறார். நாகன்கள் மதுரையில் நிறைய: மருதன் இளநாகனார் இருக்கிறார், பூதன் இளநாகனார் இருக்கிறார். வெண்ணாகனாரைப் பிரித்துக் காட்ட உலையும் சம்மட்டியும் தேவைப்பட்டன. சிவகங்கைப் பக்கத்து மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம். உலகமே மேற்கோள் காட்டும் அந்த ஊர்க் கவிஞரின் பெயரில் கணியன் என்பதும் தொழில்தான். நாளும் கோளும் கணித்தவர்.

இந்தப் பெயர்களின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஊர், அப்புறம் தொழில் அல்லது அப்பா, கடைசியில் ஆள். நக்கீரரின் முழுப்பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்றால் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாடமும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். இங்கே அப்பாவின் பெயரே சொல்லப்படவில்லை. அவர் வேலை மட்டும்தான் மகன் பெயரில் ஏறியிருக்கிறது. ஆங்கிலேயனாக இருந்திருந்தால் இந்தக் கட்டத்தில் அது குடும்பப் பெயராக இறுகியிருக்கும். நக்கீரரின் பேரனும் கணக்காயனாகவே ஏட்டில் ஏறியிருப்பான். மதுரையில் அது நடக்கவில்லை. நக்கீரரோடு நின்றுவிட்டது.

வரிசை மட்டும் அப்படியே உயிரோடு இருக்கிறது. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயரைப் பிரித்தால் மதுரை, சண்முகவடிவு, சுப்புலட்சுமி. ஊர், வீணைக் கலைஞரான தாய், பிறகு தன் பெயர். 1916-ல் மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் பிறந்த பாடகிக்கும் சங்கப் புலவருக்கும் பெயர் கட்டிய முறை ஒன்றே. நடுவில் ஈராயிரம் ஆண்டு ஓடியிருக்கிறது. இன்ஷியல் என்ற ஆங்கில வார்த்தையால் அழைக்கிறோமே தவிர, அது வெள்ளைக்காரன் கொடுத்ததல்ல. அவன் கொடுத்தது புள்ளி மட்டும்தான்.

தொழில் குடும்பப் பெயராக இறுகிய இடங்களும் தமிழ்நாட்டில் உண்டு. அவை பெரும்பாலும் மேலிடத்தில். ஸ்காட்லாந்தில் அரசனின் அரண்மனை நிர்வாகத்துக்குப் பொறுப்பான ஸ்டூவர்ட் பதவியை 12-ஆம் நூற்றாண்டில் வால்டர் ஃபிட்ஸ் ஆலன் என்பவர் வகித்தார். பதவி மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி, பெயரே ஸ்டூவர்ட் ஆகி, 1371-ல் அந்தக் குடும்பமே அரியணை ஏறியது. இங்கே சேதுபதியை எடுத்துக்கொள்ளலாம். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்குக் காவலாக சேதுவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவருக்கு அந்தப் பொறுப்பை உறுதிசெய்து கொடுத்தார். பொறுப்பு பட்டமாகி, பட்டம் குடும்பப் பெயராகி, இன்றும் ராமநாதபுரத்தில் இருக்கிறது. 1904-ல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக இருந்த மதுரைப் பள்ளிக்கும் அதே பெயர். தளவாய் இன்னொன்று. படைத்தலைவர் பதவி. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை 1569-ல் கட்டிய அரியநாத முதலியார் மதுரை நாயக்கர்களின் தளவாய். அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் திருநெல்வேலிக் குடும்பம் தளவாய் முதலியார் என்றே பெயர் பெற்றது. படையும் இல்லை, நாயக்கரும் இல்லை, தளவாய் இருக்கிறார்.

சாதாரண மக்களுக்கு ஏன் அப்படி அமையவில்லை? இந்தக் கேள்வியை மென்மையாகத் தடவிவிட்டுப் போகக் கூடாது.

இங்கிலாந்தில் ஸ்மித் மகன் ரொட்டி சுடப் போனால் அவன் ரொட்டி சுடும் ஸ்மித். பெயரைக் கேட்டு யாரும் அவனை உலைக்களத்துக்குத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. யார் வீட்டில் பெண் எடுக்கலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்ளலாம் என்று பெயர் தீர்மானிக்கவும் இல்லை. பெயர் தொழிலிலிருந்து கழன்றதால்தான் சுமையில்லாமல் எட்டு நூற்றாண்டு வர முடிந்தது. இங்கே தொழிற்பெயர் சாதிப்பெயராக ஆனது. பெயரின் வாலாக வந்த அந்தச் சாதிப்பெயர், சங்க காலத்தில் ஆளுக்கு அடையாளமாக நடுவில் நின்ற தொழிலைப் போன்றதல்ல. அது ஒரு கூட்டத்துக்கே ஒட்டிய பட்டம். பத்தர், ஆசாரி, செட்டியார் என்று சொன்னால் அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைவிட அவரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கேட்டவர் காதில் விழுந்தது. கீழ்த்தட்டில் வைக்கப்பட்ட தொழில்களின் பெயர்களோ வசைச்சொல்லாகவே மாறின. அப்படிப்பட்ட பெயரைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போக யார் விரும்புவார்?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஒரே நாளில் வால் அறுந்துவிடவில்லை; ஆனால் இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழ்நாட்டுப் பள்ளி வருகைப் பதிவேட்டில் பட்டங்கள் காணாமல் போயின. இந்தியாவின் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு முழுமையாக இது நடக்கவில்லை. ஒரு பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாத வகுப்பறையில் உட்கார்ந்து படித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று வட மாநிலங்களில் வேலைக்குப் போன மதுரைப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இது இழப்புதான், ஆனால் நல்ல இழப்பு.

இன்னொரு வகைப் பெயர் மதுரையில் தப்பி நிற்கிறது. வீட்டுப்பெயர். நாயக்கர் காலத்தில் இங்கே வேரூன்றிய சௌராஷ்டிர நெசவாளர்களைத் தமிழர்கள் பட்டுநூல்காரர் என்றே அழைத்தார்கள்; சமூகம் முழுவதற்கும் ஊரார் வைத்த தொழிற்பெயர் அது. சமூகத்துக்குள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீட்டுப்பெயர் உண்டு. அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்கும். டி.எம்.சௌந்தரராஜன் 1922-ல் மதுரையில் பிறந்தவர். டி என்பது ஊரும் அல்ல, அப்பா பெயரும் அல்ல. தொகுளுவ என்ற வீட்டுப்பெயர். எம் என்பதுதான் அப்பா மீனாட்சி ஐயங்கார். திருமங்கலம், உசிலம்பட்டி, கள்ளிக்குடிப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களிலும் இதேபோல இன்டிபேரு இருக்கிறது. கலியாணப் பேச்சில் அதைத்தான் முதலில் கேட்பார்கள், ஏனென்றால் ஒரே வீட்டுப்பெயருக்குள் சம்பந்தம் கிடையாது. இங்கிலீஷ்காரனுடைய சர்நேமுக்கு மிக நெருக்கமாக மதுரையில் ஒன்று இருக்கிறது என்றால் இதுதான். இடம் மட்டும் மாறியிருக்கிறது: அவனுக்குப் பெயரின் வாலில், இங்கே தலையில்.

தொழிற்பெயர்கள் ஆளை விட்டு நீங்கி எங்கே போயின? நகரத்திலேயே ஒட்டிக்கொண்டன.

கிழக்குக் கோபுரத்துக்கு அருகே எழுத்தாணிக்காரத் தெரு. இன்று அங்கே எழுத்தாணி வாங்க முடியாது. பனையோலையில் எழுதிய காலத்தின் தெரு அது. திருமஞ்சன நீர் சுமந்தவர்களின் பெயரில் மஞ்சனக்காரத் தெரு. வெண்கலக்கடைத் தெரு. நகரா முழக்கியவர்களின் மாளிகையால் நவபத்கானா தெரு. இவற்றையெல்லாம்விட ஆச்சரியமானது பெருமாள் மேஸ்திரி வீதி. 1830, 40-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரிக்க முடிவு செய்தார். கோட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த ஊருக்கு மூச்சுவிட இடம் வேண்டியிருந்தது. மதிலையும் அகழியையும் சமன்செய்கிறவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை என்று சொல்லி ஆட்களை இறக்கினார். வேலையை முன்னின்று நடத்தியவர்கள் இரண்டு பேர். மாரட் என்ற வெள்ளைக்கார சர்வேயர் ஒருவர், பெருமாள் என்கிற மேஸ்திரி ஒருவர். கோட்டை இருந்த இடத்தில் இன்று மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் ஊரைச் சுற்றி ஓடுகின்றன. அதற்கு வெளியே வெளிவீதிகள். கலெக்டருக்கு ஊர்மக்கள் விளக்குத்தூண் நட்டார்கள்.

மேஸ்திரி என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் கலந்துபோன சொல். இங்கிலாந்தில் மேசன் எப்படிக் குடும்பப் பெயராயிற்றோ அப்படி ஆகியிருக்க வேண்டியது. மதுரையில் அது ஒரு தனி மனிதரின் பெயரோடு சேர்ந்து தெருப்பலகையில் ஏறியது. கலெக்டர், சர்வேயர் வரிசையில் ஒரு மேஸ்திரியையும் நிறுத்தி, அவர் வேலையைச் சொல்லியே கௌரவித்த தெரு இந்த நாட்டில் எத்தனை இருக்கும்? பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போய் அங்கே விடுதி எடுக்கும் வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் அதைச் சாமி பெயர் என்றே நினைத்திருப்பார்கள்.

கிராமங்களில் தொழில் ஒட்டியது வீட்டின் மேல். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் எந்த ஊருக்குள் நுழைந்து வழி கேட்டாலும் கணக்குப்பிள்ளை வீடு, மணியகாரர் வீடு, வாத்தியார் வீடு என்றுதான் அடையாளம் சொல்வார்கள். கணக்குப்பிள்ளையும் மணியகாரரும் 1980-ல் போய்விட்டார்கள். எம்.ஜி.ஆர். அரசு அந்த ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுப் பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அரசு பக்கமே தீர்ப்பாயிற்று. அந்த இடத்தில் தேர்வெழுதி வந்த வி.ஏ.ஓ. உட்கார்ந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் ஊர்வாயில் அது கணக்குப்பிள்ளை வீடுதான், அந்த வீட்டுப் பையன் பெங்களூரில் மென்பொருள் எழுதினாலும் பொங்கலுக்கு வரும்போது, “யாருப்பா, கணக்குப்பிள்ளை பேரனா?” என்றுதான் கேட்பார்கள். ஆங்கிலத் தொழிற்பெயர் பிறந்த கணமும் இப்படித்தான் இருந்திருக்கும். யாராவது ஒரு வரி ஏட்டில் அதை எழுதினால் போதும். இங்கே எழுத ஏடு இல்லை.

ஏடு இருந்த இடத்தில் நடந்ததற்கு பம்பாய்ப் பார்சிகளே உதாரணம். வெள்ளைக்காரன் கேட்ட குடும்பப் பெயர்க் கட்டத்தில் அவர்கள் தங்கள் பிழைப்பையே நிரப்பினார்கள். காண்ட்ராக்டர், டாக்டர், எஞ்சினியர், வக்கீல் எல்லாம் அப்படி வந்தவை. விக்கெட் கீப்பர் ஃபரூக் எஞ்சினியரின் அப்பா டாக்டர். சாஸர் கதைதான் மறுபடியும்.

மதுரைக்காரர்களுக்கு அந்தக் கட்டம் இப்போதுதான் தொல்லை கொடுக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் என்று ஒரு பெட்டி. அதில் என்ன எழுதுவது? அப்பா பெயரை எழுதினால் வெளிநாட்டில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் இவரைக் கூப்பிடுவார்கள். காலியாக விட்டால் வேறு சிக்கல். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை என்று அறிவித்தபோது ஒற்றைப் பெயர்த் தமிழர்களுக்கும் அது தலைவலி ஆனது. அப்புறம் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். 1972-ல் மதுரையில் பிறந்த பிச்சை சுந்தரராஜன் அமெரிக்காவில் சுந்தர் பிச்சை ஆனதும் இந்தப் பெட்டியின் வேலைதான். அப்பா ரகுநாத பிச்சை ஒரு மின் பொறியாளர். பம்பாயில் பார்சிக் குடும்பமாக இருந்திருந்தால் கூகுளின் தலைவர் பெயர் சுந்தர் எஞ்சினியர் என்றுகூட இருந்திருக்கலாம்.

ஆக, ஆங்கிலேயனைப் போலக் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க மதுரைக்காரரால் முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் இன்ஷியல் மாறிவிடும். முத்துவின் மகன் மு.கருப்பையா, அவர் மகன் க.பாண்டி, அவர் மகன் பா.கார்த்திக், மூன்று தலைமுறையில் முத்துவின் சுவடே இருக்காது. அதற்காகக் கதவு மூடிவிட்டது என்றில்லை. வீட்டு டிரங்குப் பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்த மூலப்பத்திரம்தான் இங்கே தலைவரி ஏடு. இல்லாதவர்கள் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கச் சான்று போட்டு, பத்திர எண்ணைப் பிடித்து நகல் வாங்கலாம். பழைய கிரையப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் பெயரோடு ஊர், தகப்பனார் பெயர், ஜீவனம் மூன்றும் இருக்கும். ஜீவனம் விவசாயம், ஜீவனம் நெசவு, ஜீவனம் வியாபாரம் என்று பத்திர எழுத்தர் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போயிருப்பார். அழகர்மலைக் கல்லில் எதை எதைச் சொன்னார்களோ அதே சேதிகள்தான்.

பத்திரத்தை வாங்கியதும் எல்லோரும் சொத்தின் அளவைப் பார்ப்பார்கள். குடும்பக் கதை தேடுகிறவர் முதலில் படிக்க வேண்டியது நான்கு மால். கிழக்கே இன்ன தச்சர் வீடு, தெற்கே வண்ணாரத் துறைக்குப் போகும் பாதை, மேற்கே இன்ன கொத்தனார் காலியிடம் என்று எல்லை சொல்லியிருக்கும். தாத்தா யார் என்று அவருடைய பத்திரம் சொல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்தார் பத்திரங்களின் நான்கு மாலில் அவர் இருப்பார், பெரும்பாலும் தொழிலோடு சேர்த்து. ஒரே தெருவின் பழைய பத்திரங்கள் நாலைந்தை வாங்கி அருகருகே வைத்துப் படித்தால், 1920-லோ 30-லோ அந்தத் தெருவில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிடலாம். அந்தப் பத்திரங்களின் மை மங்கிக்கொண்டு வருகிறது. எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லத் தெரிந்த பழைய பத்திர எழுத்தர்கள் ஒவ்வொரு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலிலும் இன்னும் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள்; போகிறவர்கள் இப்போதே போய் அவர்களிடம் உட்கார வேண்டும்.